ஓவர்லாக் நூலும் உத்திரத்துக் குருவியும்: ஒரு தையலறை நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், பழைய வீடொன்றின் முகப்பை ஒட்டிய அறையில் தையற்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் வந்து போவார்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர். என் அறைக் கதவைத் திறந்தால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள். தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் இடையே இருக்கும் சந்துகளில் சிட்டுக்குருவிகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கின்றன. வாடகை கொடுக்காத குடித்தனம் என்று ஆச்சி சொல்வார்.

ஜாக்கெட் தையல், சேலைக்கு ஃபால்ஸ், பிக்கோ ஆகியவை அன்றாட வேலை. அவற்றோடு கண்டாங்கிச் சேலைத் துண்டுகளை இணைத்து விரிப்பும் தைக்கிறேன். வாரத்துக்கு ஒரு அரிசிச் சாக்கு நிறைய வெட்டுத்துணியும் பிசிறும் சேரும். அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது எல்லாத் தையற்காரருக்கும் இருக்கும் தலைவலி. குப்பை வண்டியில் போட்டால் மனம் கேட்காது. எரித்தால் பாதித் துணி உருகி நாறும்.

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். 2010-லிருந்து அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். சென்ற ஆண்டு அன்று காலையில், மீந்த துணியையும் நூலையும் கம்பிக்கூடையில் போட்டுத் தொங்கவிட்டால் பறவைகள் எடுத்துக் கூடு கட்டிக்கொள்ளும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. யார் முதலில் எழுதியதோ தெரியாது. எனக்கு அது சாக்குப் பிரச்சினைக்கு வந்த தீர்வாகவே பட்டது. முட்டை வாங்கிவரும் பழைய கம்பிக்கூடை ஒன்று இருந்தது. முற்றத்துக் கொடிக்கம்பியில் அதைக் கட்டி, சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

அந்த இரண்டு கையில் என்ன இருந்தது என்பதுதான் பிறகு முக்கியமாகப் போனது. அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்: கண்டாங்கிப் பார்டரில் வெட்டிய விரலகல நாடாக்கள், லைனிங் துணித் துண்டுகள், துணியோரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் கக்கிய பிசிறு, தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஒரு பிடி, கொஞ்சம் தேங்காய் நார். வகை பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

எடுத்தவர்கள், எடுக்காதவர்கள்

முதல் ஆள் பறவையே இல்லை. அணில். மூன்றே நாளில் பஞ்சு முழுவதையும் கன்னத்தில் அடைத்துக்கொண்டு ஓட்டுக்கு மேலே போய்விட்டது. குருவிக்கு வைத்த பந்தியில் அணில் உட்கார்ந்தது ஆச்சிக்கு ஒரு வாரச் சிரிப்பு.

இரண்டாவது காக்கை. ஒரு முழ நீளத்துக்கு இருந்த ஃபால்ஸ் துண்டைக் கூடையின் கம்பி வழியாக இழுத்து இழுத்துப் பார்த்து, வராமல் போகவே கூடையையே ஆட்டிக் கவிழ்த்துவிட்டுத் துண்டோடு பறந்தது. மூன்று வீடு தள்ளியுள்ள வேப்பமரத்தில் சிவப்பு வால் போல அது பல நாள் தொங்கியது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டின் இருப்பிடத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும் அந்தத் துணி காக்கைக்கு நன்மையா கெடுதலா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சிட்டுக்குருவிகள் தயங்கித் தயங்கி வந்தன. தரையில் சிந்தியவற்றையே அதிகம் எடுத்தன. வைக்கோல், கோழியிறகு, காகிதம், நூல் என்று எதையும் வேண்டாம் எனாத பறவை அது. கட்டுவது கூடு என்பதைவிட அடைசல் என்றால் பொருந்தும். பொந்து நிறையும்வரை திணிக்கும். நுனிகள் வெளியே தொங்கினால் கவலைப்படாது.

தேன்சிட்டு கூடைப் பக்கம் திரும்பவே இல்லை. அது வேறொரு வேலையில் இருந்தது. இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைப்படியின் மேல் மூலையில் ஒட்டடை படிந்திருந்தது. பெண் தேன்சிட்டு அங்கே அந்தரத்தில் சிறகடித்து நின்று, அலகால் ஒட்டடையைச் சுருட்டிச் சுருட்டி எடுத்துப் போனது. தேன்சிட்டுகளில் கூடு கட்டுவது பெரும்பாலும் பெண்தான். நாலைந்து கிராம் கூட இல்லாத தூசியும் வலையும் என்று நாம் துடைத்து எறிவதுதான் அதற்குக் கயிறும் பசையும்.

சித்திரையில் நடந்தது

ஏப்ரல் கடைசி வாரம் ஒரு காலை. கடையைத் திறக்குமுன்னே ஆச்சியின் குரல் கேட்டது. "ஆத்தா, இங்கே வந்து பார். குருவிக்குஞ்சு தூக்குப் போட்ட மாதிரி தொங்குகிறது."

மூன்றாவது தூணின் தலைப்பில், சந்திலிருந்து ஒரு சாண் கீழே, சிறகு முளைத்த குஞ்சு ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. தாய் பக்கத்துத் தூணில் உட்கார்ந்து இடைவிடாமல் கத்தியது. ஏணி கொண்டுவந்து ஏறினேன். கையில் நூல் நறுக்கும் சிறிய கத்தரி.

தொங்கியது உயிரோடு இல்லை. உடம்பு விறைத்திருந்தது. அதைத் தாங்கிப் பிடித்தபடி நூலைத் தொடர்ந்து போனால், மறுமுனை சந்துக்குள் வைக்கோலோடு பின்னிக் கிடந்தது. நடுப்பகுதி இன்னொரு குஞ்சின் வலது காலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தக் கால் கணுவுக்குக் கீழே வீங்கி, நடுவிரல் கறுத்திருந்தது. மூன்றாவது குஞ்சுக்கு ஒன்றும் இல்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

தையற்காரி என்பதால் கத்தரி பிடிப்பதில் பழக்கம் உண்டு. ஆனாலும் குருவியின் கால் ஊசிக்குத் தகுந்த கனம்தான். கத்தரியின் கூர்முனை நூலுக்கும் தோலுக்கும் இடையில் நுழையவில்லை. ஊசியின் காதுப்பக்கத்தை நுழைத்து நூலைத் தூக்கி, அதன் மேல் கத்தரி வைத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். கடைசிச் சுற்று தோலுக்குள் பதிந்திருந்தது. அதை எடுத்தபோது சொட்டு ரத்தம் வந்தது. குஞ்சை மறுபடி கூட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது தவறு. கால் மணி நேரத்துக்குள் தாய் வாயில் புழுவோடு உள்ளே போனது. இரண்டு குஞ்சுகளும் அடுத்த வாரம் பறந்தன. ஒன்று, ஒரு விரல் இல்லாமல்.

அன்று ஆச்சி சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "பச்சைப் பிள்ளைக்குக் காலுறை போடுமுன் உள்ளே புரட்டிப் பார்ப்போம். நூல் இருந்தால் விரலைச் சுற்றிக்கொள்ளும். உனக்குத் தெரியாததா? இதற்கும் பார்த்திருக்க வேண்டாமா?" கைக்குழந்தைச் சட்டை தைக்கும்போது உட்புறப் பிசிறை ஒட்ட நறுக்குகிறவள் நான். பதில் சொல்ல முடியவில்லை. கூடையை அப்போதே கழற்றினேன்.

நூலை மேசையில் வைத்துப் பார்த்தது

வெட்டி எடுத்த துண்டுகளைச் சேர்த்து அளந்தேன்: 41 சென்டிமீட்டர். ஓவர்லாக் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு பார்வையில் விளங்கும், அது தனி நூல் அன்று, சங்கிலி. துணியின் ஓரம் முடிந்த பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால், துணியில்லாமலே மூன்று நூல்களும் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு வால்போல நீளும். அதை நறுக்கித் தரையில் தள்ளிவிட்டு அடுத்த துணியை வைப்போம். ஒரு நாளைக்கு எத்தனை வால்கள் என்று கணக்கே கிடையாது.

அந்த வாலில் மூன்று கேடுகள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, அதன் உடம்பு முழுவதும் கண்ணிகள். குஞ்சு காலை உதறும்போது நகம் ஏதாவதொன்றில் மாட்டும். இரண்டு, அது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். எனவே சுற்று தானாகவே இறுகும். மூன்று, பாலியஸ்டர். பருத்தி நூலாக இருந்தால் இழுபடும் இழுப்பில் என்றாவது அறும். வெயிலிலும் ஈரத்திலும் மக்கும். பாலியஸ்டர் அறாது. கூட்டில் குஞ்சின் கால் நாளுக்கு நாள் பருக்கிறது, நூல் பருப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குருவிக்குஞ்சு பறக்கத் தயாராகிவிடும். அந்த வேகத்தில் வளர்கிற காலுக்கு முதல் வாரத்துத் தளர்ந்த சுற்று இரண்டாம் வாரத்தில் சுருக்குக் கயிறு.

இது கோட்டையூரில் மட்டும் நடக்கிற விபத்தா என்று தேடியபோது, பாரிஸ் நகரப் புறாக்களைப் பற்றி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. புறாக்கள் விரல்களை இழப்பதற்கு நூலும் முடியும் காலில் சுற்றுவது காரணமாக இருக்கலாம் என்றும், முடிதிருத்தும் கடைகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில் அந்த ஊனம் அதிகம் என்றும் அதில் கண்டிருக்கிறார்கள். அங்கே முடி, இங்கே ஓவர்லாக் வால். யாரும் பறவைக்கென்று வைக்காமலே அங்கே அது நடந்தது. நான் கூடை கட்டித் தொங்கவிட்டு நடத்தினேன்.

குஞ்சுகள் பறந்து, கூடு வெறுமையானது உறுதியான பிறகுதான் அந்தச் சந்துக்குள் குடைந்து பார்த்தேன். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கூட்டைக் கலைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் முட்டைக்கும் கூட்டுக்கும் இடையூறு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. உள்ளே இருந்த வைக்கோலுக்கும் இறகுக்கும் இடையில் என் கூடையிலிருந்து போனவை: ஓவர்லாக் வால்கள் இன்னும் நான்கு, எல்லாமே ஒரு சாணுக்கு மேல்; பார்டர் நாடா இரண்டு; லைனிங் துண்டு ஒன்று. லைனிங் துண்டு எச்சத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி, அடியில் அழுகிய வாடையோடு கிடந்தது. வைக்கோல் காய்ந்திருந்தது. அடிப்பகுதிக்குத் துணித்துண்டு மெத்தென்று இருக்கும் என்பது நம் எண்ணம். நீர் வடியாத மெத்தையில் குஞ்சு படுத்திருக்கிறது என்பதை அந்த வாடை சொன்னது.

தையல்சிட்டின் தையல்

ஆடி மாதம், புறக்கடையில் தானாக முளைத்து ஆளுயரம் வளர்ந்திருந்த தேக்குக் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியது. கூடையைக் கழற்றி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனால் என் அறை வாசலில் பெருக்கித் தள்ளும் பிசிறு எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது அங்கிருந்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வால் விறைத்து நிற்க, தத்தித் தத்தி வந்து, ஒரு நூலை எடுத்துக் கீழே போட்டு, இன்னொன்றை எடுத்துப் போகும். நூற்கண்டுக் கடையில் நிறம் பொறுக்குகிற வாடிக்கையாளர் மாதிரி.

குஞ்சுகள் போன பிறகு அந்த இலையைக் காம்போடு அறுத்து மேசையில் வைத்தேன். இருபது வருடத் தையலில் இப்படியொரு வேலையை நான் பார்த்ததில்லை. பெரிய தேக்கிலை ஒன்றின் இரு ஓரங்களையும் கிண்ணம்போல வளைத்து, அலகால் துளை போட்டு, இழையை உள்ளே செலுத்தியிருக்கிறது. முடிச்சு கிடையாது. வெளிப்பக்கம் வந்த இழையின் நுனி பிரிந்து பஞ்சுபோல உப்பி, திரும்ப உள்ளே நழுவாமல் துளையை அடைத்து நிற்கிறது. நாம் பொத்தானுக்குப் பின்னால் போடும் குமிழ்த் தையல் போல. ஓர் ஓரத்தில் எண்ணினேன்: 19 தையல். ஒவ்வொன்றும் தனித் தனி இழை.

அந்த 19-இல் பெரும்பாலானவை சிலந்தி வலையும் எருக்கம்பஞ்சும் திரிந்த இழைகள். மூன்று மட்டும் என்னுடையவை. அரக்குச் சிவப்புப் பருத்தி நூல், கண்டாங்கியின் முந்தானைப் பிசிறு. மிக நீளமானது கூட என் சுண்டுவிரலின் நடுக்கணு அளவுதான். வெள்ளை ஓவர்லாக் நூல் ஒன்றுகூட இல்லை. வாசலில் இரண்டும் கலந்துதான் கிடந்தன. பாலியஸ்டரின் நுனி உப்பாது, துளையில் நிற்காது, தைக்கிற பறவைக்கு அது உதவாத நூல். இது நான் ஒரே ஒரு கூட்டில் கண்டது. எல்லாத் தையல்சிட்டும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றை ஒப்பிடலாம். தையல்சிட்டுக்கு நுனி வேண்டும், நீளம் வேண்டாம். சிட்டுக்குருவி நீளமோ நுனியோ பார்ப்பதில்லை, கிடைத்ததைத் திணிக்கிறது. கண்மூடித்தனமாக ஒரு கூடை வைத்தால் அதில் அடிபடுவது பொறுக்கத் தெரியாத பறவைதான்.

மாற்றியமைத்தது

இந்த ஆண்டு தை கடைசியில் கூடையை மறுபடி எடுத்தேன். ஆச்சிக்கு விருப்பமில்லை. இந்த முறை ஒவ்வொன்றையும் சோதித்துப் போடுகிறேன் என்று சொன்ன பிறகே ஆணி அடிக்க விட்டார்.

சோதனை தையற்காரருக்குப் பழகியதுதான். ஒரு இழையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்ட வேண்டும். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி ஓடும். கரும்புகை விட்டு உருகி, கெட்டியான மணியாக உறையும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்குள் குருணை அகப்படும். கண்டாங்கி என்று என்னிடம் வரும் துண்டுகளிலேயே குருணை அகப்பட்டவை உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது, கெட்டிப் பருத்தியில் கட்டம் போட்டு நெய்வது. ஆனால் அந்தப் பெயரில் கலப்புத் துணியும் விற்கிறார்கள். கலந்ததைக் கூடைக்குச் சேர்ப்பதில்லை.

பருத்தி என்று தேறியதையும் துணியாக வைப்பதில்லை. சாயம் போகும்வரை வெந்நீரில் வெறுமனே அலசிக் காயவைத்து, இழை இழையாகப் பிரித்து, ஒரு அங்குலத்துக்குள் நறுக்கிவிடுகிறேன். சோப்பும் கஞ்சியும் வாசனைத் திரவமும் கூடாது. அவ்வளவு குட்டையான இழை காலைச் சுற்றி முடிச்சாகும் வாய்ப்பு குறைவு. நாடா கிடையாது, பாலியஸ்டர் பஞ்சு கிடையாது, மீன்பிடி நைலான் போன்ற கம்பி இழை வாசலுக்கே வரக் கூடாது. ஓவர்லாக் வால்களுக்குத் தனி டப்பா. மேசைக்கடியில் காலால் தள்ளும் பழக்கத்தை விடத்தான் நாளானது. இழைகளோடு இலவம்பஞ்சும், சீப்பினால் வாரிய தேங்காய் நாரும் வைக்கிறேன். பங்குனி வெயிலில் இலவங்காய் வெடிக்கும் காலத்தில் பஞ்சு கூடைக்கு வெளியிலேயே வேண்டிய அளவு பறக்கிறது; அப்போது கூடை தேவைப்படுவதே இல்லை.

இன்னொரு மாற்றம், துணிக்குச் சம்பந்தமில்லாதது. பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது இந்த வீட்டு வழக்கம். அதை விட முடியாது. வீட்டுக்காரர்கள் வருவார்கள், ஒட்டடை தெரிந்தால் ஆச்சிக்குத்தான் அவப்பெயர். இரண்டாம் கட்டு நிலைப்படியின் மேல் மூலையை மட்டும் விட்டுவைக்கக் கேட்டேன். "வீட்டைப் பாழடைய விட்டாள் என்பார்கள்" என்றார். பேரம் பேசி, பத்தாயத்து அறைக்கு வெளியே, யாரும் நிமிர்ந்து பார்க்காத மூலையில் ஒரு முழத்துக்கு அனுமதி கிடைத்தது. புறக்கடை எருக்கஞ்செடியை வெட்டாமல் விடுவதும் அந்தப் பேரத்தில் அடக்கம்.

ஒருவேளை இதெல்லாம் மிகையோ என்று சில நேரம் தோன்றும். அப்போது எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியை நினைத்துக்கொள்வேன். 1977-ல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அந்தக் கண்மாய்களில் பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் பறவைக்கு எதையும் கொடுக்கவில்லை. ஒன்றைச் செய்யாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாக்கு என்ன ஆயிற்று

குறையவில்லை. பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை கூடையில் நான் வைத்தது எல்லாம் சேர்த்து ஒரு சொம்புக்குள் அடங்கும்; அதிலும் பாதியை அணில்தான் கொண்டுபோனது. அதே காலத்தில் சேர்ந்த வெட்டுத்துணி இருபது சாக்கு. தையற்கடைக் கழிவைப் பறவைகள் தீர்த்துவைக்கும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பறவையையும் பார்க்கவில்லை, தையற்கடையையும் பார்க்கவில்லை.

கழிவுக்கு வழி நான் முன்பே அறிந்த வேலைதான். உள்ளங்கை அளவுக்கு மேலுள்ள பருத்தித் துண்டுகள் ஒட்டுத்துணி விரிப்புக்குப் போகின்றன. கட்டத்துக்குக் கட்டம் பொருந்தவைத்து மேல்பக்கம் இணைத்து, உள்ளே நைந்த வேட்டி இரண்டு அடுக்கு வைத்து, அடியில் பழைய சேலை. மூன்றையும் சேர்த்து விரலிடை விட்டு ஓட்டுத்தையல். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்; கைக்குழந்தைக்கு அதைவிட நல்ல விரிப்பு கிடையாது. அதைவிடச் சிறியவை சட்டி பிடிக்கும் துணிக்குள் அடைசல். பாலியஸ்டர் துண்டும் ஓவர்லாக் வாலும் திண்ணைத் தலையணைக்குள் போய் வாய் தைக்கப்படுகின்றன. அங்கிருந்து எந்தக் குருவிக்கும் அவை எட்டாது. முன்பு சந்தில் குடைந்தெடுத்த நான்கு வால்களும் அப்படி ஒரு தலையணைக்குள் கிடக்கின்றன. ஆச்சி மதியம் தலைவைத்துப் படுப்பது அதில்தான்.

மூன்றாவது தூணில் இந்த ஆண்டும் குருவி இரண்டு முறை குஞ்சு பொரித்தது. காலியான கூட்டைப் பார்த்தேன்: வைக்கோல், இறகு, பஸ் டிக்கெட் ஒன்று, என் அங்குல இழைகள் சில. எல்லாக் குஞ்சும் பறந்தன.

ஆனியில், கொடிக்கம்பியின் கூடைக்கு இரண்டு முழம் தள்ளி, துணி உலர்த்தும் கயிற்றின் தொங்கும் முனையில் தேன்சிட்டு கூடு தொங்கியது. வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் வைத்த பை. வெளிச்சுவரில் காய்ந்த பட்டைச் சிம்பு, கம்பளிப்புழுவின் எச்சம், ஒட்டடை. ஒரு மாதம் அந்தக் கயிற்றில் ஈரச்சேலை போடவில்லை. வெட்டிய ஜாக்கெட் துணிகளை உள்ளறையில் உலர்த்தினேன். கூடு விழுந்த பிறகு எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே எருக்கம்பஞ்சு மட்டும் இருந்தது. என்னுடைய நூல் ஒன்றுகூட இல்லை. பத்தாயத்து அறை மூலையில் ஒட்டடை அகன்று, விரல் பதிந்த மாதிரி மூன்று இடத்தில் சுவர் தெரிந்தது.